தலைப்பும் முந்தியும்

தங்கசாமியின் தறிச்செட்டில் முதல் பாவு நூலை அறுத்தபோது காலை எட்டு மணிகூட ஆகவில்லை.

ஒரு சேலைப் பாவில், நீளவாக்கில் ஓடும் நூலில், மூவாயிரம் இழைக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அத்தனை இழையும் ஒவ்வொன்றாக இழையைத் தூக்கி இறக்கும் விழுதின் கண்ணுக்குள் நுழைந்து, அச்சின் பல்லுக்குள் நுழைந்து, முன்பக்கம் வந்து சேர வேண்டும். பின்னாலிருந்து ஒருத்தி இழையை எடுத்துக் கொடுக்க, முன்னாலிருந்து ஒருவன் சின்னக் கொக்கியால் இழுக்க, இரண்டு பேருக்கு முழுசாக இரண்டு பகல் பிடிக்கும். குனிந்தே இருந்து கழுத்து பிடித்துக்கொள்ளும். அப்படிக் கோத்த பாவு முறுக்கேறி விறைப்பாக நிற்பதால், கத்தி பட்டதும் இழைகள் சும்மா விழுவதில்லை. பிய்த்துக்கொண்டு பின்னால் பாய்ந்து, விழுதையும் அச்சையும் விட்டு உருவி, பாவு சுற்றிய பீம் உருளையின்மேல் சிக்கல் சிக்கலாகப் போய் விழும். இரண்டு நாள் வேலை மூச்சு விடும் நேரத்தில் போய்விடும்.

வெளியூரிலிருந்து வந்த அமலாக்கக்காரர்கள் நான்கு பேர், துணைக்கு லத்தியோடு இரண்டு பேர். அதிகாரி வேர்த்துக்கொண்டே கையிலிருந்த தாளைப் படித்தார்.

"'தலைப்பில் வண்ண நூல் கொண்டு நெய்வது கைத்தறிக்கே உரியது. விசைத்தறியில் அவ்வாறு நெய்தல் ஆகாது.' கேட்டீங்கல்ல? சேலைக்கு முந்தி இருக்கு. முந்தியில கலர் இருக்கு. நான் என்ன செய்யட்டும்?"

வாசலில் பெத்துராஜ் நின்றிருந்தார். அந்த இரண்டு வாக்கியமும் அவர் எழுதியவை. 'கூடாது' என்று முதலில் போட்டு, அடித்துவிட்டு, 'ஆகாது' என்று மாற்றியதுகூட நினைவிருந்தது.

மூன்றாவது தறியில் காளிராஜ் நின்றான். பன்னிரண்டு வருஷமாக அதே தறியை ஓட்டுகிறவன். கத்தியோடு வந்தவனின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஏலே, நேத்து ராத்திரிதான்லே கோத்து முடிச்சேன். ஒரே ஒரு சேலை எறக்கிக்கிடுதேன். அப்புறம் அறு."

"கைய விடு."

"விடமாட்டேன்லே. என் கழுத்தை அறுத்துட்டு அறு."

லத்தியின் அடிக்கட்டை அவன் வாயில் இறங்கியது. காளிராஜ் தறியின்மேல் சாய்ந்தான். இரண்டு பல் கீழே எண்ணெய்த் தட்டில் விழுந்தன. அவன் பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். முதுகில் நான்கைந்து அடி விழுந்தது. அவனைக் காலைப் பிடித்து இழுத்துப் போட்டுவிட்டு, அவன் வாய் ரத்தம் பட்ட இடத்தின் வழியாகவே கத்தியை ஓட்டினார்கள்.

தங்கசாமிக்கு ஆறு தறி. ஐந்தில் சேலைப் பாவு, ஐந்தும் போயிற்று. ஆறாவதில் வெள்ளைத் துண்டு ஓடிக்கொண்டிருந்தது, அதை மட்டும் விட்டுவைத்தார்கள். பிறகு அடுத்த செட்டுக்குப் போனார்கள். ஒவ்வொரு செட்டாகச் சத்தம் நிற்க நிற்க, மேலத்தெருவில் தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் விழித்து அழத் தொடங்கின.

தங்கசாமி அறுந்த நூலைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"அத்தான். எவன் செஞ்ச வேலைன்னு உங்க வாயால ஒருக்கச் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

பெத்துராஜ் அவன் அக்காள் புருஷன். "பொறு மாப்ள" என்றார்.

சங்கரன்கோவிலில் அவருக்குப் பெயர் 'கோட்டையார்'. மாதம் ஒருமுறை செங்கோட்டை வண்டியில் ஏறி மெட்ராஸ் கோட்டைக்குப் போய் வருகிற மனிதர். பதினோரு வருஷம் தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து, மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் வேலையை விட்டவர். விசைத்தறிக்காரர்கள் சங்கம் வைத்தபோது, சர்க்காரிடம் பேச ஒரு ஆள் வேண்டும் என்று அவரைப் பிடித்துக்கொண்டார்கள். கரண்டு வெட்டு, நூல் ஒதுக்கீடு, தறிக்கு லைசென்ஸ், எதுவானாலும் அவர்தான் போய்ப் பேசுவார்.

அந்த வேலையை அவர் ஆசையோடு செய்தார். யார் கேட்டாலும் விளக்குவார், கேட்காதவர்களுக்கும் விளக்குவார். மனு முதலில் ஒரு உதவியாளர் மேசைக்கு வரும். அவர் அதைப் படித்துக் குறிப்பு எழுதுவார். குறிப்புக்குக் கீழே பிரிவு அலுவலர் கையெழுத்து, பிறகு சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், செயலாளர், கடைசியில் மந்திரி. மேலே போகப் போகப் படிப்பது குறைந்துகொண்டே வரும். ஆகையால் மந்திரி வீட்டு வாசலில் மாலையோடு நிற்பவன் விவரம் தெரியாதவன். விவரம் தெரிந்தவன் அந்த உதவியாளர் மேசைக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்காருவான்.

"மேல இருக்கிறவன் எவனும் படிக்கமாட்டான் மாப்ள. தனக்குக் கீழ உள்ளவன் கையெழுத்து போட்டிருக்கானான்னு மட்டுந்தான் பாப்பான்" என்று தங்கசாமியிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

போன பங்குனியில் கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் பேச்சுவார்த்தை என்று கோட்டையில் ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். கைத்தறிப் பக்கம் கடையநல்லூர் மைதீன் பாட்சா. அறுபதை நெருங்கிய மனிதர், அதிகம் பேசமாட்டார். இந்தப் பக்கம் பெத்துராஜ். எல்லாச் சேலையும் கைத்தறிக்கே என்று அவர்கள் கேட்டார்கள். அது வந்தால் சங்கரன்கோவிலில் பாதித் தறி இரும்புக் கடைக்குப் போகும். முழுதாக மறுத்தாலும் நடக்காது. கோப்பில் 'விசைத்தறியினர் விட்டுக்கொடுத்தது' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மேலே எவரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

பெத்துராஜ் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சங்கரன்கோவில் செட்டுகளில் புதுப் பாவைத் தறியில் ஏற்றியதும், இழை எல்லாம் நேராக வருகிறதா என்று பார்க்க, மிச்சம் கிடக்கும் கலர் நூலைப் போட்டு நாலு விரல் அகலம் நெய்து பார்ப்பார்கள். அதை வெட்டி எறிந்துவிட்டுத்தான் சேலையைத் தொடங்குவார்கள். வெட்டிய துணி, இயந்திரத்தில் எண்ணெய் துடைக்க ஆகும். அதற்குத் தறிக்காரர்கள் வைத்த பெயர் தலைப்பு. பெத்துராஜ் தறிக்குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. செட்டுச் செட்டாக நின்று வார்த்தைகளைப் பொறுக்கிச் சேர்த்தவர். அந்த வார்த்தையை இப்போது மேசைமேல் வைத்தார். தலைப்பில் வண்ண வேலை கைத்தறிக்கே இருக்கட்டும், நாங்கள் விட்டுக்கொடுக்கிறோம் என்றார், ஷரத்தையும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ரொம்பப் பெரிய மனசு சார்" என்றார் உதவியாளர். மைதீன் பாட்சா காப்பியைக் குடித்தார். கட்டம் நிரம்பியது. ஒன்றுக்கும் உதவாத துணியைக் கொடுத்து ஊரைக் காப்பாற்றிவிட்டோம் என்று, வண்டியில் திரும்பி வரும்போது மதுரை வரை பெத்துராஜுக்குத் தூக்கமே வரவில்லை.

ஆவணியில், ஆடித்தபசு முடிந்து பத்துப் பன்னிரண்டு நாளில், உத்தரவின் நகல் தபாலில் வந்தது. அவர் மனைவி இசக்கியம்மாள்தான் முதலில் படித்தாள். தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"இந்தா பாருங்க. முந்தியப் போய் எதுக்குக் கைத்தறிக்காரனுக்குக் குடுத்தீங்க?"

"முந்தியா? அதுல முந்தின்னா எழுதியிருக்கு? தலைப்புல்லா."

"மெட்ராஸ்ல முந்திக்குப் பேரே தலைப்புதான். எங்க சின்னம்மா மக அங்கன வாக்கப்பட்டுப் போனவ, அவ வாய்க்கு வாய் 'சேலைத் தலைப்பு, சேலைத் தலைப்பு'ம்பா. கோயமுத்தூர்க்காரனும் அப்படித்தான் சொல்லுதான்."

பெத்துராஜ் தாளை வாங்கி இன்னொருமுறை படித்தார்.

"மாசத்துக்கு ஒருக்க மெட்ராஸ் போறீங்களே, எந்தப் பொம்பளையும் அங்கன பேசலியா? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

போஸ்ட் ஆபீஸுக்குப் போய் டிரங்க் கால் போட்டார். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தபின் லைன் கிடைத்தது. பிரிவு அலுவலர் நிதானமாகச் சொன்னார்: "ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்ட ஷரத்து சார் இது. ரெண்டு பேருமா 'சொல் தவறு'ன்னு எழுதிக் குடுங்க, திருத்தம் போட்டுடலாம். அந்தப் பெரியவர் கையெழுத்து இல்லேன்னா ஃபைல் மறுபடி முதல்லேருந்து வரணும். ஒரு வருஷம் ஆவும்."

அன்று சங்கத்தில் எல்லோரும் கூடி அவரைக் கேட்டார்கள். 'மேலே ஏதோ நடந்துவிட்டது, சரிசெய்கிறேன்' என்றார். "மேல ஆரு செஞ்சிருப்பா? அந்தப் பாட்சாவா?" என்று தங்கசாமி கேட்டான். பெத்துராஜ் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லாமல் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். அந்த ஒரு மடக்குத் தண்ணீரில், அறைக்குள் இருந்த இருபது பேருக்கும் பாட்சாவின் பெயர் உறுதியாயிற்று.

வியாழக்கிழமை மத்தியானம் வரச்சொல்லி மைதீன் பாட்சாவுக்குக் கடிதம் எழுதினார். திருத்தத்துக்கான தாளைச் சுத்தமாக எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அமலாக்கம் தொடங்க எப்படியும் ஒரு மாதம் பிடிக்கும் என்பது அவர் கணக்கு. அவர்கள் அதே வியாழக்கிழமை காலையில் வந்துவிட்டார்கள்.

மத்தியானம் இசக்கியம்மாள் சோறும் கொள்ளை அரைத்த கானத்துவையலும் வைத்தாள். வெளியே மேல்காற்று கரிசல் புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. சோற்றில் மண் கடித்தது. மூன்று உருண்டைக்குமேல் அவருக்கு இறங்கவில்லை.

"பாய் வந்தா இங்கனயா கூட்டியாறீங்க?"

"பஸ் ஸ்டாண்டுல போய் நிக்கணும். ரெண்டு மணி வண்டியிலதான் வருவாரு."

அப்போது பக்கத்து வீட்டு முருகம்மாள் ஓடிவந்தாள். முந்தி அவிழ்ந்து தரையில் இழுபட்டது.

"யக்கா! கடையநல்லூர் பாயை பஸ் ஸ்டாண்டுல பிடிச்சிட்டாங்களாம். ஒரு மணி வண்டியிலயே வந்துட்டாராம். அடிச்சு இழுத்துக்கிட்டு உங்க தம்பி செட்டுக்குள்ள போறாங்க. ஊரே நிக்குது, ஒருத்தரும் கிட்டப் போகல்ல!"

பெத்துராஜ் எச்சில் கையோடு ஓடினார்.

செட்டின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உள்ளே தறி ஓடும் சத்தம் கேட்டது. மிஞ்சிய ஒரே தறியை எதற்கு ஓட்டுகிறார்கள் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. விசைத்தறிச் சத்தத்துக்குள் மனிதக் குரல் வெளியே வராது. "நான்தாம்லே! திற!" என்று கதவில் இடித்தார்.

கதவு திறந்தது. உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். மைதீன் பாட்சாவின் வெள்ளைச் சட்டை மார்புவரை சிவந்திருந்தது. தொப்பி இல்லை. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. தரையில் உட்கார வைத்து, அவருடைய இடது கையைத் தங்கசாமி தறியின் பக்கவாட்டில் பிடித்திருந்தான். அங்கேதான் பல்சக்கரங்கள். மேலே சின்னது, கீழே பெரியது. நிமிஷத்துக்கு நூற்றைம்பது முறை, குறுக்கு நூலைச் சுமந்த நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாய்வது அந்த இரண்டு சக்கரமும் ஒன்றையொன்று கடித்துச் சுற்றுவதால்தான். பாட்சாவின் விரல்களுக்கும் அந்தப் பற்களுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது.

"வாங்க அத்தான்!" தங்கசாமி சத்தத்துக்கு மேலே கத்தினான். "சரியான நேரத்துக்கு வந்தீங்க. கையெழுத்துக்குத்தான் நீங்க வரச்சொன்னீங்கன்னு இவரு சொல்லுதாரு. எடுங்க அந்தத் தாளை!"

"கைய விடு மாப்ள! அவரு பெரிய மனுசன்!"

"கையெழுத்தப் போட்டா விடுதேன். ஒரு கை போனாலும் இன்னொரு கை இருக்குல்லா, அதால போடட்டும்!"

பாட்சா தலையை நிமிர்த்தினார். உதடு கிழிந்திருந்தது. "எடுத்துக்க தம்பி. ரெண்டையும் எடுத்துக்க. நானூறு கைத்தறி வீட்டுச் சோறு அது. போடமாட்டேன்."

ஒருவன் அவர் விலாவில் மிதித்தான். அவர் மடங்கினார். தங்கசாமி கையை இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோனான்.

"அடிச்சு வாங்குன கையெழுத்து செல்லாது மாப்ள!"

"ஆருக்குத் தெரியும்? நீங்கதான சொன்னீங்க, மேல இருக்கிறவன் கையெழுத்த மட்டுந்தான் பாப்பான்னு? எடுங்க அத்தான்!"

பெத்துராஜின் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. தாளை எடுத்தது. அதில் பாட்சாவின் பெயர் விழுந்தால் போதும், பத்து நாளில் திருத்தம் வந்துவிடும். ஊர் பிழைக்கும். அவர் எழுதிய பிழை எழுத்துப்பிழையாகிப் போகும், ஒருவருக்கும் தெரியாது. தங்கசாமி சொன்னது முழுக்க உண்மை. கையெழுத்தில் ரத்தம் தெரியாது.

தாளை இரண்டாகக் கிழித்தார். நாலாகக் கிழித்தார். பிறகு பொடிப்பொடியாகக் கிழித்து ஓடுகிற தறிக்கு அடியில் போட்டார்.

செட்டுக்குள் ஒருவருக்கும் விளங்கவில்லை.

"அத்தான்! கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"அந்த வார்த்தைய எழுதினது நான்!" பெத்துராஜ் கத்தினார். "பாய் இல்ல. நான்!"

"பயந்துபோய்ப் பேசுதீங்க..."

"காளிராஜ்! இங்க வா." வாயில் துணியை அமுக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த காளிராஜ் எழுந்து வந்தான். "தலைப்புன்னா என்னடா? காட்டு."

காளிராஜால் பேச முடியவில்லை. குனிந்து, எண்ணெய்த் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த கருப்பு அப்பிய துணியை எடுத்துக் காட்டினான். நாலு விரல் அகலம், மூன்று நாலு கலர்.

"அதைத்தான் நான் கைத்தறிக்குக் குடுத்தேன். குடுக்கிற மாதிரி குடுத்து ஏமாத்திப்புடலாம்னு நெனச்சேன். மெட்ராஸ்காரனுக்குத் தலைப்புன்னா முந்தி. எனக்குத் தெரியல்ல. நாலு நாளா தெரிஞ்சும் உங்ககிட்டச் சொல்லல்ல."

இன்னும் விளக்க அவருக்கு வாய் வந்தது. கட்டத்தைப் பற்றி, குறிப்பைப் பற்றி, யார் யார் கையெழுத்து என்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். தறிச்சத்தத்தில் பாதி எவருக்கும் கேட்கவில்லை. கேட்ட பாதி போதுமானதாக இருந்தது.

தங்கசாமி பாட்சாவின் கையை விட்டான். எழுந்தான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை.

"அப்ப என் தறிய அறுத்தது நீருதான்."

பத்து வருஷத்தில் முதல்முறையாக அத்தானை அவன் 'நீங்க' என்னாமல் 'நீரு' என்றான். பெத்துராஜ் பதில் சொல்வதற்குள் அவருடைய வலது மணிக்கட்டைப் பற்றி முறுக்கினான். சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்த கை. அதைச் சக்கரத்தின்மேல் வைத்து அழுத்தினான்.

சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. தறி ஒருமுறை திக்கியது, பிறகு ஓடியது. காளிராஜ் பாய்ந்து கைப்பிடியைத் தட்டித் தறியை நிறுத்தியபோது மூன்று விரல் உள்ளே போயிருந்தது. சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றித்தான் எடுக்க வேண்டியிருந்தது. காளிராஜும் பாட்சாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுற்றினார்கள். எலும்பு நொறுங்குவது, தறி நின்றுவிட்ட அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. கூட்டத்தில் ஒருவன் வாந்தி எடுத்தான். தங்கசாமி தன் கைகளைப் பார்த்துக்கொண்டே அறுந்த பாவுகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டான்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த இசக்கியம்மாள் ஒரு நொடிதான் நின்றாள். தறியிலிருந்த வெள்ளைத் துண்டைப் பல்லால் கடித்துக் கிழித்து, புருஷன் கையை இறுக்கிக் கட்டினாள். எழுந்து தம்பி கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். இரண்டாவது அறையில் அவள் வளையல் உடைந்து அவன் காதைக் கிழித்தது.

"வேனை எடுக்கச் சொல்லுலே!" என்றாள்.

நூல் ஏற்றும் வேன்தான் கிடைத்தது. பின்னால் நூல் பேல்களின்மேல் பெத்துராஜையும் மைதீன் பாட்சாவையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினார்கள். இசக்கியம்மாள் முன்னால் டிரைவர் பக்கத்தில் திரும்பி உட்கார்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டே வந்தாள். பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரமாவது ஆகும். ஊர் எல்லை தாண்டியதும் காற்று தார்ப்பாயைப் படபடவென்று அடித்தது.

"கோட்டையாரே. முழிச்சிருக்கீரா?" என்றார் பாட்சா.

"ம்."

"ஒண்ணு சொல்லணும். செட்டுக்குள்ள வச்சுச் சொல்லியிருந்தா மௌத்தாகிப் பொணமாத்தான் வெளிய வந்திருப்பேன்."

"சொல்லும் பாய்."

"நிக்காவுக்கு முன்னால மூணு வருஷம் உம்ம ஊருலதான் தறி ஓட்டுனேன். கீழத்தெரு செட்டுல. தலைப்புன்னா என்னன்னு எனக்கும் தெரியும்."

பெத்துராஜுக்குக் கை இருந்த இடத்தில் தீ எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப பங்குனியில..."

"நீரு வாயத் தொறந்ததுமே தெரியும். எண்ணெ தொடைக்கிற துணிய எங்க தலையில கட்டப் பாக்கீருன்னு. அவங்க அத முந்தின்னு எடுத்துக்கிட்டதும் தெரிஞ்சுது. நடுவுல எனக்கு என்ன வேலை? காப்பியக் குடிச்சேன்."

"அப்புறம் இன்னைக்கு எதுக்கு வந்தீரு?"

"கையெழுத்துப் போடமுடியாதுன்னு கடுதாசியில எழுதினா மரியாதையா இருக்காதே. நேர்ல சொல்லுவோம்னு வந்தேன்."

பெத்துராஜ் கண்ணை மூடினார். சிரிப்பு மாதிரி ஏதோ வந்து, வலியில் நின்றுவிட்டது.

"இப்பவும் போடமாட்டீரு."

"உம்ம கை போனது என் கையிக்காக. அதுக்கு அல்லாகிட்ட ஆயுசு பூரா கேப்பேன். கையெழுத்து என் கையில இல்ல. அது நானூறு வீட்டுக்காரனோடது." பாட்சா மூச்சு வாங்கினார். விலா உடைந்திருக்க வேண்டும். "ஒண்ணு கேக்கேன், உள்ளதைச் சொல்லும். என் இடத்துல நீரு உக்காந்திருந்தா, அன்னைக்கு வாயத் தொறந்திருப்பீரா?"

வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. துண்டைத் தாண்டிக் கசிந்த ரத்தம் நூல் பேலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பெத்துராஜ் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார். அந்த அறை, மேசை, அதிகாரிகளின் முகம், நிரம்பக் காத்திருந்த அந்தக் கட்டம்.

"மாட்டேன்" என்றார்.

முன்னாலிருந்து இசக்கியம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டு வாங்க" என்றாள். "பேசப் பேச ரத்தம் போகுது."